எல்லைக் கோடும் தோழமைக் கடனும்

1

மூன்று நண்பர்கள் மூன்று மோட்டார் சைக்கிள்களில் நெடுந்தூரப் பயணமொன்றை மேற்கொள்கின்றனர் எனக் கொள்ளலாம். ஒரே அடுப்பில் சமைத்துண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒருவனுடைய வண்டி பழுதுறும்போது மற்ற இருவரும் காத்திருந்து, மழையையும் புழுதியையும் பொதுவில் ஏற்றுப் பல நூறு மைல்களைக் கடந்தபின் அவர்கள் ஒரு நாட்டின் எல்லையை அடைகின்றனர். வீதிக்குக் குறுக்கே இடப்பட்டுள்ள தடைமரத்தின் முன் மூவரும் வண்டிகளை நிறுத்துகின்றனர். அதிகாரி முதலாமவனின் கடவுச்சீட்டைப் புரட்டி முத்திரையிடுகிறார். இரண்டாமவனுக்கும் அவ்வாறே. மூன்றாமவனின் கடவுச்சீட்டு வேறொரு நாட்டினுடையது. அது திருப்பிக் கொடுக்கப்படுகிறது. அவன் குற்றம் எதுவும் புரிந்தவனல்லன். மற்ற இருவரிலும் பார்க்கத் திறமை குன்றியவனுமல்லன். அவன் பிறந்த இடம் வேறு, அவ்வளவே.

இந்நிலையில் ஏனைய இருவரும் செய்யத்தக்கது யாது? அவனை விட்டுத் தம் வழியே செல்லலாம். பயணத்தைக் கைவிட்டு அவனோடு திரும்பலாம். காவலற்ற ஒரு காட்டுவழியால் மூவரும் இரவோடிரவாக நுழையவும் முயலலாம். இவற்றுள் எது அறம்?

இது பயணிகள் சிலரின் சில்லறைச் சங்கடமாகத் தோன்றக்கூடும். எனினும் ஊன்றி நோக்குமிடத்து, அறவியலின் மிகப் பழைய பிரச்சினையொன்று தடைமரத்தின் முன் தன்னை வெளிப்படுத்திக் கொள்கிறது என்பது புலனாகும். ஒருவன் தானாகத் தெரிந்துகொள்ளாத பிறப்பினை ஆதாரமாகக் கொண்டு அவனுக்கு உரியதையும் உரியதல்லாததையும் வகுப்பது நீதியாகுமா என்பதே அப்பிரச்சினை. சாதியின் பெயரால் அது வகுக்கப்படும்போது அதனை அநீதி எனக் கண்டிக்கத் தயங்காத சிந்தனையாளருட் பலர், நாட்டின் பெயரால் வகுக்கப்படும்போது அதனை இயற்கை நியதிபோல ஏற்று அமைதியுறுகின்றனர். இந்த அமைதி எவ்வளவு தூரம் நியாயமானது என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

2

எல்லை என்பது மலையையும் ஆற்றையும் போன்று என்றும் உள்ளதோர் அமைப்பெனச் சாதாரணமாக எண்ணப்படுகிறது. வரலாற்று நிலைநின்று நோக்கினால் அதன் இன்றைய வடிவம் மிக அண்மைக் காலத்தது என்பது தெளிவாகும். முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும் பகுதியில் கடவுச்சீட்டின்றியே ஒருவர் பயணஞ்செய்தல் இயல்வதாயிருந்தது. போர்க்காலப் பாதுகாப்பு ஏற்பாடாக விதிக்கப்பட்ட கட்டுப்பாடு, போர் முடிந்த பின்னரும் நீங்காது நிலைத்தது. 1920இல் சர்வதேச சங்கத்தின் சார்பிற் பாரிஸ் நகரிற் கூடிய மாநாடு கடவுச்சீட்டுக்குப் பொதுவானதொரு வடிவத்தை வகுத்தது. 1922இல், எந்நாட்டினராலும் ஏற்கப்படாது நின்ற ரஷ்ய அகதிகளுக்கென நான்சன் கடவுச்சீட்டு என்னும் தனிப்பத்திரம் உருவாக்கப்பட்டது. மனிதன் மனிதனாயிருத்தல் மட்டும் போதாது, அவன் ஏதேனும் ஓர் அரசின் ஏட்டிற் பதியப்பட்டவனாயிருத்தலும் வேண்டும் என்னும் நிலை அதற்குள் நிலைபெற்றுவிட்டமையை அப்பத்திரமே உணர்த்தும்.

மோட்டார் சைக்கிளிற் செல்வோர் இதன் இன்னொரு பக்கத்தையும் அறிவர். சில நாடுகளுக்குள் வண்டியைக் கொண்டுசெல்வதற்குக் கார்னே எனப்படும் சுங்கப் பத்திரம் தேவைப்படுகிறது. வண்டியின் எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். உரியவர் பணத்தையோ வங்கிப் பிணையையோ வைத்து, மோட்டார் வாகனச் சங்கமொன்றிடமிருந்து அதனைப் பெறுவர். நுழையும்போது ஒரு முத்திரை. வெளியேறும்போது ஒரு முத்திரை. வண்டி வெளியேறாது தங்கிவிடின் அதற்குரிய சுங்கத் தீர்வை அப்பிணையிலிருந்து அறவிடப்படும்.

வண்டியிடம் எல்லை கேட்கும் கேள்வியும் மனிதனிடம் அது கேட்கும் கேள்வியும் சாராம்சத்தில் ஒன்றே: உனக்குப் பிணை நிற்பவர் யார்? வண்டிக்குப் பிணை பணம். மனிதனுக்குப் பிணை அவனுடைய அரசு. அவ்வரசு செல்வமும் செல்வாக்கும் உடையதாயின் தடைமரம் விரைந்து உயரும்; வறியதாகவோ, போரினால் அலைப்புண்டதாகவோ இருப்பின் கேள்விகள் நீளும். பயணத்தின் மூன்றாம் நண்பனுக்கு மற்ற இருவரும் உயிரைப் பணயம் வைத்தேனும் பிணை நிற்கக் கூடும். எனினும் அதிகாரியின் ஏட்டில் அத்தகைய பிணைக்கு இடமில்லை. நெடுநாட் பழகி ஒருவனுடைய குணத்தை அறிந்தவரின் சாட்சி அங்கு செல்லாது. அவனை ஒருபோதுங் கண்டிராத அரசின் சாட்சியே செல்லும்.

மெய்யியலாளர் இதனைப் பலவாறு நோக்கியுள்ளனர். 1795இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதிய இம்மானுவேல் கான்ற், அந்நிய நாட்டில் அடியெடுத்து வைக்கும் ஒருவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உடையவன் என்றார். பூமி உருண்டையானது, மனிதர் முடிவின்றி விலகிச் சென்றுகொண்டிருத்தல் அதன்மேல் இயலாது, ஆகவே அவர் ஒருவரையொருவர் சகித்தே ஆகவேண்டும் என்பது அவர் காட்டும் நியாயம். ஆயின் அவர் வழங்கியது வருகை தரும் உரிமையே. தங்கி வாழும் உரிமையன்று. அழிவு நேராதெனின் வந்தவனைத் திருப்பி அனுப்பலாம் என்பதையும் அவர் ஒப்புகிறார். மைக்கல் வால்சர் 1983இல் வெளியிட்ட நூலில், யாரை உறுப்பினராக ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையின்றி எச்சமூகமும் தன் தனித்தன்மையைக் காத்தல் இயலாது என வாதிட்டார். இதற்கு மாறாக ஜோசப் கேரன்ஸ் 1987இல் எழுதிய கட்டுரையில், செல்வ நாடொன்றின் குடியுரிமை என்பது நிலமானிய காலத்துப் பிறப்புரிமைச் சலுகையின் நவீன வடிவமே என்று கூறினார்.

இம்மூவரும் எல்லையை அதன் உள்ளிருந்தோ மேலிருந்தோ நோக்குகின்றனர். அதனை வீதியில் நின்று நோக்கியவர் எதனைக் கண்டனர் என்பதும் கவனத்திற்குரியது. அவ்வகையில் 1952ஆம் ஆண்டுப் பயணமொன்று சிறந்த உதாரணமாக அமைகின்றது.

3

1951 டிசம்பர் இறுதியில் ஆர்ஜென்ரீனாவின் கோர்டோபா நகரிலிருந்து இரு நண்பர்கள் ஒரே மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டனர். ஒருவர் உயிரிரசாயனவியலாளரான அல்பேர்ட்டோ கிரனாடோ. மற்றவர் அவரிலும் ஆறாண்டு இளையவரான மருத்துவ மாணவர் ஏர்னெஸ்டோ குவேரா. பிற்காலத்திற் சே என உலகெங்கும் அறியப்பட்டவர் இவரே. அவருடைய பிற்கால அரசியலும் அவர் தேர்ந்த ஆயுத வழியும் தனியாக விவாதிக்கப்பட வேண்டியவை. ஈண்டு நோக்கப்படுவது, இன்னும் எந்தக் கொள்கையிலும் உறுதிபெறாத இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவரின் பயணம் மட்டுமே.

அவர்கள் ஏறிச் சென்றது பழைய நோர்ட்டன் 500 வண்டி. பேராற்றல் உடையது எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியிருந்தனர். பெயருக்கேற்ப அது நடந்துகொள்ளவில்லை. பன்முறை சறுக்கி வீழ்ந்தும், கம்பியினாற் கட்டி ஒட்டவைக்கப்பட்டும் அது அந்தீஸ் மலையடிவாரத்தை அடைந்தது. 1952 பெப்ரவரியில் ஏரிகளின் வழியாக அவர்கள் சிலி நாட்டினுள் நுழைந்தனர். எல்லைக்கப்பாலுள்ள ஏரியில் வண்டியையும் தம்மையும் ஏற்றிச் சென்ற படகு ஒழுகியது. படகுக் கூலிக்கு ஈடாக, உட்புகுந்த நீரை வெளியேற்றும் வேலையை இருவரும் செய்துகொண்டு சென்றனர். அப்பயணத்தில் அவர்கள் மோட்டார் சைக்கிளுடன் கடந்த அந்நிய எல்லை அது ஒன்றே.

அந்த எல்லை அவர்களை எளிதில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே மலைத்தொடர் எல்லோருக்கும் அவ்வாறு வழிவிட்டதில்லை. அவர்கள் சில நாட்களின் முன் கடந்து வந்த சான் மார்ட்டின் டி லொஸ் அந்தீஸ் என்னும் ஊருக்கு மூன்றாண்டுகளின் முன், 1949இல், எதிர்த்திசையிலிருந்து வேறொருவர் வந்து சேர்ந்திருந்தார். சிலியின் மகாகவி பாப்லோ நெரூடாவே அவர். 1948இல் சிலி அரசு பொதுவுடைமைக் கட்சியைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அக்கட்சியைச் சேர்ந்த செனட்டரான நெரூடா அரசை எதிர்த்தமையால் தேடப்படுபவரானார். பல மாதங்கள் மறைந்திருந்தபின், குதிரையேறிக் காட்டுவழியாக மலையைக் கடந்து ஆர்ஜென்ரீனாவை அடைந்தார். 1971இல் நோபல் பரிசை ஏற்றபோது ஆற்றிய உரையில் அக்கடப்பையே அவர் விரிவாக நினைவுகூர்ந்தார். மலை ஒன்றே, எல்லையும் ஒன்றே. இருவர் பகலில் மோட்டார் சைக்கிளிற் கடந்தனர். ஒருவர் தன் பெயரையும் மறைத்துக் கடந்தார். எல்லை நிலத்தின் மேல் மட்டும் வரையப்பட்ட கோடன்று என்பதை இவ்விரு கடப்புகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. கடப்பவர் யார் என்பதற்கேற்ப அதன் உயரம் மாறுகிறது.

சிலியினுள் அவர்களுக்கு வரவேற்பும் கிட்டியது. தெமூக்கோ நகரிற் பத்திரிகையொன்று அவ்விருவரையும் தொழுநோய் ஆராய்ச்சியில் வல்லுநர் எனப் புகழ்ந்து செய்தி வெளியிட்டது. அச்செய்தியைக் காட்டியே உணவும் உறைவிடமும் பெற முடிந்ததை அவர்கள் மகிழ்ச்சியுடன் கண்டனர். மோட்டார் சைக்கிள், மருத்துவப் படிப்பு, பத்திரிகைச் செய்தி ஆகிய மூன்றும் அவர்களுக்குப் பிணையாக நின்றன. ஆனால் வண்டி அதிக நாள் தாங்கவில்லை. மேலும் மேலும் பழுதுற்று, ஈற்றிற் சந்தியாகோ நகரிற் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து அவர்கள் பொதி சுமந்து, லொறிச் சாரதிகளின் தயவில் ஏறிச் செல்லும் வழிப்போக்கராயினர். அதுவரை தாம் ஒருவகை மேன்குடி மக்களாகவே உலாவி வந்ததனையும், அந்நிலை நீங்கியதனையும் குவேரா தம் பயணக் குறிப்பிற் பதிந்துள்ளார். வண்டியை இழந்த பின்னரே அவர்கள் நாட்டை நேராகக் காணத் தொடங்கினர் எனலாம்.

4

மார்ச் மாதத்தில் அவர்கள் அத்தக்காமாப் பாலைநிலத்திலுள்ள பகெடானோ என்னும் ஊரை அடைந்தனர். அப்பாலுள்ள சுக்கிக்கமாட்டாச் செப்புச் சுரங்கம் அன்று அமெரிக்கக் கம்பனியின் உடைமையாயிருந்தது. பாலைநிலத்தின் இரவு கடுங்குளிர் உடையது. அங்கே தொழிலாளி ஒருவரையும் அவருடைய மனைவியையும் நண்பர்கள் சந்தித்தனர். தடைசெய்யப்பட்ட கட்சியின் உறுப்பினரென அவர் மூன்று மாதம் சிறையிலிருந்தவர். பிள்ளைகளை அயலவர் வீட்டில் விட்டு மனைவி அவரோடு கூடவே அலைந்தார். வேலை தேடி எங்கும் அவர்களுக்கு வேலை இல்லை. ஆளின் பூர்வீகத்தை விசாரியாது எவரையும் சேர்க்குமளவுக்குக் கொடுமையான நிலைமை நிலவிய கந்தகச் சுரங்கங்களை நோக்கியே அவர்கள் சென்றுகொண்டிருந்தனர்.

நால்வரும் ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியில் அமர்ந்து பாணும் பாற்கட்டியும் உண்டு, மாத்தே எனப்படும் மூலிகைப் பானத்தைப் பகிர்ந்தனர். அத்தம்பதியரிடம் போர்த்துக்கொள்ள ஒரு கம்பளிதானும் இருக்கவில்லை. நண்பர்களிடம் இரண்டு இருந்தன. ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை இருவருமாகப் போர்த்திக்கொண்டனர். தாம் அதுவரை அறிந்தவற்றுள் அதுவே மிகக் குளிர்ந்த இரவுகளுள் ஒன்றென்றும், மனித இனத்துக்குத் தாம் மேலும் நெருங்கியதாக உணர்ந்த இரவும் அதுவே என்றும் கருத்துப்படக் குவேரா எழுதினார். விடிந்ததும் வழிகள் பிரிந்தன.

அந்தத் தொழிலாளி எந்த நாட்டின் எல்லையையும் கடந்தவரல்லர். தாம் பிறந்த மண்ணிலேயே நின்றவர். கையில் அவருக்குரிய நாட்டின் பத்திரங்களும் இருந்திருக்கலாம். எனினும் அங்கு அந்நியராயிருந்தவர் அவரேயன்றி ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்த இளைஞர் இருவருமல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் போன்றோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது, தொழிற்சங்கத்திலிருந்தும் விலக்கியது. 1958இலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது. தம்மைப் பற்றிய தீர்மானத்தைத் தம்மை விலக்கி வைத்துப் பிறர் செய்யும் நிலையே அவருக்கு நேர்ந்தது. எல்லை மனிதனுக்கு இழைக்கும் தீங்கின் உட்பொருள் இதுவே. கோடு இருப்பதனால் மட்டும் அநீதி பிறப்பதில்லை. வீட்டுக்கும் சுவர் உண்டு, வயலுக்கும் வரம்பு உண்டு. கோட்டுக்கு அப்பால் தள்ளப்படுபவனுக்கு அக்கோட்டைப் பற்றிப் பேச வாயில்லாது போவதே அநீதி.

இவ்விடத்தில் நட்பின் இயல்பும் நீதியின் இயல்பும் ஒப்புநோக்கத்தக்கவை. மனிதர் நண்பராயிருக்கும்போது நீதி தேவைப்படுவதில்லை என்றும், நீதியுடையராயிருக்கும்போதும் நட்புத் தேவைப்படுகிறது என்றும் அரிஸ்டோட்டில் கருதினார். தமிழ் மரபும் நட்பை எல்லையால் அளந்ததில்லை. பாண்டி நாட்டுப் புலவரான பிசிராந்தையாரும் சோழ மன்னனான கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். வடக்கிருந்த மன்னன் தன் பக்கத்தில் நண்பனுக்கு இடம் ஒதுக்கச் செய்தான். நண்பனும் வந்து சேர்ந்தார். நட்புக்கு வேண்டுவது பழகுதல் அன்று, ஒத்த உணர்ச்சியே என்னும் குறளுக்கு உரை வகுக்குமிடத்துப் பரிமேலழகரும் இவ்விருவரையே எடுத்துக்காட்டுவர். சோழ நாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் இடையில் எல்லை இருந்தது, பகையும் இருந்தது. ஆயினும் அரசனுக்கும் புலவனுக்கும் இடையிலான பிணையை எந்த எல்லைக் காவலனும் கேட்கவில்லை.

ஆனால் நட்பு மட்டும் போதுமா என்னும் வினாவும் எழுகிறது. பகெடானோவில் நட்பு ஒரு கம்பளியைக் கொடுத்தது. அக்கம்பளி ஓரிரவுக் குளிரைப் போக்கியிருக்கும். மறுநாட் குளிருக்கு அது விடையன்று. உழைக்கும் இருவரிடம் ஒரு கம்பளிதானும் இல்லாதிருப்பது ஏன் என்று கேட்பது நீதியின் வேலை. நட்பு நீதிக்குப் பதிலாக நிற்குமானால் அது தருமம் கொடுத்து மனச்சாட்சியை உறங்க வைக்கும் வழியாகிவிடும். நீதி நட்பின் துணையின்றி நிற்குமானால் அது ஏட்டிலுள்ள இலக்கங்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்காகிவிடும். அந்த இரவின் சிறப்பு கம்பளியிலும் பார்க்க, மெழுகுவர்த்தியைச் சுற்றி நடந்த பேச்சிலேயே தங்கியுள்ளது. நாடு முழுவதும் பேச்சு மறுக்கப்பட்ட ஒருவர் அங்கே பேசினார், இருவர் கேட்டனர். நீதிக்கு அதுவே தொடக்கம்.

பயணத்தின் பிற்பகுதியும் இதனை உறுதிப்படுத்துகிறது. பெருவின் அமேசன் கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பில் நண்பர்கள் தங்கிப் பணிபுரிந்தனர், நோயாளரோடு கைகுலுக்கினர், உதைபந்தாடினர். 1952 ஜூன் 14ஆந் திகதி, தம் இருபத்து நான்காம் பிறந்தநாளில், அமெரிக்கக் கண்டம் நிலையற்ற, கற்பிதமான தேசங்களாகத் துண்டுபட்டிருப்பது பொய்யானதோர் அமைப்பு என்ற கருத்துப்படக் குவேரா அங்கே பேசினார். அதன்பின் அவர்களுக்கெனக் கட்டிக் கொடுக்கப்பட்ட தெப்பத்தில் ஆற்றோடு சென்றபோது, இறங்க வேண்டிய கொலம்பிய ஊரான லெத்தீசியாவைத் தவறவிட்டுப் பிரேசிலின் பக்கத்துக்கு அடித்துச் செல்லப்பட்டனர். மீண்டும் எதிர்நீரில் திரும்ப வேண்டியதாயிற்று. நீரோட்டத்துக்கு அங்கே எந்தக் கோடும் தெரிந்திருக்கவில்லை. ஜூலையில் வெனிசுவெலாவின் தலைநகரான கராக்கசில் இருவரும் பிரிந்தனர். கிரனாடோ அங்குள்ள தொழுநோய் மருத்துவமனையிற் பணியேற்றார். குவேரா பட்டப் படிப்பை முடிக்கத் திரும்பினார். ஒருவர் தங்க, ஒருவர் சென்றார். எனினும் அப்பிரிவை இருவரும் கூடியிருந்தே முடிவுசெய்தனர். ஆகவே அது கைவிடுதல் ஆகவில்லை.

5

இலங்கை வாசகர் இவ்விடத்திற் சிலியை மட்டும் நினைத்தல் இயலாது. அதே 1948இல் இங்கு இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் அவர்களிடமிருந்து நீங்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்தவர் பலர் தலைமன்னார்த் துறையிற் கப்பலேறி, தாம் ஒருபோதும் கண்டிராத 'தாயகத்துக்கு'த் திரும்பினர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இரண்டு அரசுகள் ஒரு மேசையில் இருந்தன. எவரைப் பற்றிப் பேசினவோ அவர்களுக்கு அம்மேசையில் இடமிருக்கவில்லை. ஒப்பந்தத்தின் இலக்கங்கள் வேறாயிருந்திருப்பினும், தொகை கூடினும் குறையினும், அக்குறை அவ்வாறே நின்றிருக்கும்.

சமூகமொன்று தன் உறுப்பினரைத் தீர்மானிக்கும் உரிமையுடையது என வாதிட்ட வால்சரும், ஏற்கெனவே உள்ளே வாழ்ந்து உழைப்போருக்கு உறுப்புரிமையை மறுத்தல் கொடுங்கோன்மை என்பதை ஒப்புகிறார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆகவே எல்லைகளை முற்றாக அழித்தாலன்றி நீதி இல்லை என்று கூறவேண்டிய தேவை இல்லை. உலகிலுள்ள எல்லோரையும் கேட்டே ஒவ்வொரு நாடும் தன் விதிகளை வகுக்க வேண்டுமென்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் உள்ளே வாழ்பவனுக்குத் தீர்மானத்திற் பங்கு வேண்டும். வாயிலில் நிற்பவனுக்குக் காரணமும் செவிசாய்ப்பும் வேண்டும். இவை மறுக்கப்படுமிடத்து, எல்லை எவ்வளவு சட்டபூர்வமாயினும் அறத்தின்பாற்பட்டதன்று.

இனித் தடைமரத்தின் முன் நிற்கும் மூன்று நண்பர்களிடம் மீளலாம்.

மூவரும் திரும்புதலே உயர்ந்த அறமெனச் சிலர் கூறுவர். தியாகம் என்ற வகையில் அது போற்றத்தக்கதே. ஆயினும் விலக்கப்பட்டவனைக் கேளாது அவ்வாறு செய்வது அவன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். தன் பொருட்டு இருவரின் கனவு முறிந்தது என்னும் துயரை அவன் காலமெல்லாம் சுமக்க நேரும். காட்டுவழியாக மூவரும் நுழைதலும் சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் பிடிபடின் இருவர் அபராதத்தோடு மீள, மூன்றாமவன் சிறை செல்லக் கூடும்; ஆபத்துச் சமமாகப் பகிரப்படாத துணிவு சமத்துவமன்று. இருவர் மட்டும் செல்லுதல் சுயநலமே என்று தள்ளிவிடவும் இயலாது. கராக்கசிற் போல, பிரிவு கூடியெடுத்த முடிவாயிருப்பின் அதிற் களங்கமில்லை.

ஆகவே எவ்வழி செல்வது என்பதனிலும், அம்முடிவை எடுப்பவர் எத்தனை பேர் என்பதே இங்கு முதன்மையானது. தடைமரம் அவர்களை இருவர் என்றும் ஒருவன் என்றும் பிரித்து எண்ணிவிட்டது. சட்டத்தின் இந்த எண்ணிக்கையை ஏற்று, கடந்து செல்லத்தக்க இருவர் மட்டும் ஒதுங்கி நின்று ஆலோசிப்பரேயானால், அவர்களுக்கும் ஒப்பந்த மேசையிலிருந்த அரசுகளுக்கும் வேறுபாடு இல்லை. ஒரு சிறு எல்லையை அவர்களும் வரைந்துவிட்டனர். மூவரும் வண்டிகளை வீதியோரத்தில் நிறுத்தி, ஒன்றாயிருந்து, மூன்றாமவனின் குரலுக்கு முதலிடம் கொடுத்து முடிவு காண்பரேயானால், அம்முடிவு எதுவாயினும் அவர்களின் தோழமை சிதையவில்லை.

செல்லும் முடிவே எடுக்கப்படின் அங்கும் இரண்டு கடன்கள் எஞ்சுகின்றன. முதலாவது, தன் கடவுச்சீட்டிற் பதிந்த முத்திரையைத் தன் தகுதிக்குக் கிடைத்த சான்றெனக் கருதாதிருத்தல். உலகெங்கும் தனக்கு ஊரே என்று பெருமிதத்துடன் கூறுபவன், அவ்வூரின் வாயில் தனக்கு ஏன் திறந்தது, தன் நண்பனுக்கு ஏன் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். இரண்டாவது, திரும்பி வந்தபின் அவ்விதியைப் பற்றிப் பேசாதிராமை. வாயிலைக் கடந்தவனுக்கே அவ்வாயிலைப் பற்றிச் சான்று கூறும் வாய்ப்பு உண்டு. விலக்கப்பட்டவனின் சான்றை உலகம் ஏக்கமெனத் தள்ளிவிடும்.

நாட்டுக்குத் திரும்பியபின் தம் குறிப்புகளைத் திருத்தி எழுதிய குவேரா, புறப்பட்டவரும் திரும்பியவரும் ஒருவரல்லர் என்னும் கருத்தைத் தொடக்கத்திலேயே பதிந்து வைத்தார். அவரை மாற்றியவை ஏரிக்கப்பால் இடப்பட்ட முத்திரையோ, கடந்த மைல்களோ அல்ல. வண்டியை இழந்து, பாலைநிலத்தின் இருளில் தன் கம்பளியின் பாதியோடு இருந்தபோது, தன் நாட்டிலேயே இடமிழந்த ஒருவரின் பேச்சைக் கேட்டமையே அவரை மாற்றியது. எல்லையைக் கடக்க விரும்பும் எவருக்கும் கடினமானது அந்தக் கேட்டலே. அதற்கு எந்த அலுவலகமும் விசா வழங்குவதில்லை.